திரும்பத் திரும்பப் பயன்படும் டேட்டா கிளாஸ் எழுதுவது எப்படி?

பலதுறைத் தொழிற்கல்லூரி முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் நிரல்களில் ஒரு மாதிரியான ஃபங்ஷன் (பெயர் சொல்லிக் கூப்பிடும் நிரல் துண்டு) அடிக்கடி கண்ணில் படும். சிங்கப்பூரின் தேக்காவில் உள்ள ஒரு பலகாரக் கடைக்குத் தீபாவளி ஆர்டர் எடுக்கும் செயலி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இப்படி ஒரு வரி இருக்கும்:

ஆர்டர்_போடு(பெயர், தொலைபேசி, பிளாக், மாடி, வீட்டு_எண், அஞ்சல்_குறியீடு, விலை)

ஏழு விவரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. இதைக் கூப்பிடும் இடத்தில் மாடியையும் வீட்டு எண்ணையும் முன்பின்னாகக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? #05-12 என்றால் ஐந்தாம் மாடியில் 12ஆம் எண் வீடு, #12-05 என்றால் பன்னிரண்டாம் மாடியில் 5ஆம் எண் வீடு, அதே பிளாக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) இரண்டுமே இருக்கலாம். நிரல் ஒரு பிழையும் காட்டாது, சோதனையும் பாஸாகிவிடும், முறுக்கு டப்பா மட்டும் வேறு யார் வீட்டு வாசலுக்கோ போய்ச் சேரும்.

சரி, டிக்ஷனரியில், அதாவது ஒவ்வொரு விவரத்தையும் 'சாவி' என்ற ஒரு பெயரின் கீழ் வைக்கும் தொகுப்பில், போட்டுவிடலாம் என்று அடுத்து தோன்றும். போடலாம்தான். ஆனால் ஒருவர் 'அஞ்சல்' என்று சாவி வைப்பார், இன்னொருவர் 'அஞ்சல்_குறியீடு' என்று தேடுவார், எழுத்துப் பிழையோடு மூன்றாவது ஒன்றும் உள்ளே வந்துவிடும், அந்த டிக்ஷனரிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த இடம் எதுவுமே இருக்காது. டேட்டா கிளாஸ் அந்த இடத்தைத் தருகிறது. சேர்ந்தே இருக்க வேண்டிய விவரங்களுக்கு ஒரு பெயர், அவற்றின் பட்டியல் ஒரே இடத்தில். அவ்வளவுதான் அதன் அடிப்படை.

இதில் புதியவர்களுக்காக ஒரு வரி. கிளாஸ் என்பது முறுக்கு அச்சு, ஆப்ஜெக்ட் என்பது அதிலிருந்து பிழிந்த முறுக்கு. கிளாஸ் என்னும் எண்ணம் நார்வேயில் ஓலே யோகான் டாலும் கிறிஸ்டன் நியூகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியிலிருந்து வந்தது. விவரத்தைத் தாங்குவதற்கென்றே ஒரு சுருக்கமான கிளாஸ் வகை பல மொழிகளில் பரவியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்: கோட்லினில் டேட்டா கிளாஸ் 2016ல், பைத்தான் 3.7ல் டேட்டா கிளாஸ் 2018ல், சி ஷார்ப் 9ல் ரெக்கார்ட் 2020ல், ஜாவா 16ல் ரெக்கார்ட் 2021ல். நான் பைத்தானை வைத்துச் சொல்கிறேன், மற்ற மொழிகளிலும் எண்ணம் இதுவேதான்.

நம் முகவரியைப் பாருங்கள். பைத்தான் 3ல் கிளாஸ் பெயரையும் ஃபீல்ட் (கிளாஸில் உள்ள ஒவ்வொரு விவரமும் ஒரு ஃபீல்ட்) பெயர்களையும் தமிழிலேயே வைக்கலாம், மொழியே அதை ஏற்கிறது. முக்கியச் சொற்களைத்தான் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும், இங்கே படிக்க வசதியாக அவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

@டேட்டாகிளாஸ்(ஃபுரோஸன்=ட்ரூ)
கிளாஸ் முகவரி:
    பிளாக்: ஸ்ட்ரிங்
    சாலை: ஸ்ட்ரிங்
    அஞ்சல்_குறியீடு: ஸ்ட்ரிங்
    மாடி: ஸ்ட்ரிங் = ""
    வீட்டு_எண்: ஸ்ட்ரிங் = ""

முதல் வரியில் உள்ள அந்த @ குறி வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. ஃபீல்டுகளை வாங்கி உள்ளே வைக்கும் தொடக்க மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்தான் மெத்தட்), அச்சிட்டால் உள்ளே இருப்பதைப் படிக்கும்படி காட்டும் மெத்தட், இரண்டு ஆப்ஜெக்டுகள் சமமா என்று ஃபீல்ட் ஃபீல்டாகப் பார்க்கும் மெத்தட், எல்லாவற்றையும் பைத்தானே எழுதித் தந்துவிடும். நீங்கள் கையால் எழுதினால் ஒவ்வொரு ஃபீல்டையும் மூன்று இடத்தில் எழுத வேண்டும், புதிதாக ஒன்று சேர்க்கும்போது ஏதோ ஒரு இடம் விட்டுப்போகும்.

எல்லாமே ஸ்ட்ரிங்தானா, அதாவது எழுத்துத் தொடர்தானா என்று கேட்பீர்கள். ஆமாம், காரணத்தோடுதான். பிளாக் எண்ணில் எழுத்து வரும், 123ஏ என்பது இங்கே சர்வ சாதாரணம். மாடியில் அடித்தளக் கடைகளுக்கு பி1 என்று வரும். அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம், அதை எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும்: லாவ் பா சாட் உணவங்காடியின் குறியீடு 048582, எண்ணாக மாற்றினால் 48582 ஆகிவிடும், பிறகு அதை வைத்து எந்த வரைபடத்தில் தேடினாலும் சரியாக வராது. தேக்கா நிலையத்தின் 210665ஐ மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்தவருக்கு இந்தக் கோளாறு கடைசிவரை தெரியவே தெரியாது. ஒரு விவரத்தைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது இலக்கங்களால் ஆனதாக இருந்தாலும் எண் அல்ல. தரைவீடுகளுக்கு #05-12 போன்ற மாடியும் வீட்டு எண்ணும் கிடையாது, அதனால் அவை இரண்டையும் வெற்றாக விட இடம் வைத்திருக்கிறேன்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'அஞ்சல்_குறியீடு: ஸ்ட்ரிங்' என்று எழுதியதால் பைத்தான் அதைக் காவல் காக்கப் போவதில்லை. நீங்கள் எண்ணைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு படிப்பவருக்கும் எடிட்டருக்கும் சரிபார்க்கும் கருவிகளுக்கும் உரியது. உண்மையான காவல் வேண்டுமென்றால் 'போஸ்ட் இனிட்' என்ற மெத்தடை நீங்கள்தான் எழுத வேண்டும். ஆப்ஜெக்டின் ஃபீல்டுகள் நிரம்பியவுடனே அது தானாக ஓடும். அதில் அஞ்சல் குறியீடு ஸ்ட்ரிங்தானா, ஆறு எழுத்துகள் இருக்கின்றனவா, எல்லாம் இலக்கங்களா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே பிழையை எழுப்பிவிடுங்கள்.

இலக்கமா என்று பார்ப்பதில் தமிழர்கள் ரசிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. பைத்தானின் 'இஸ்டிஜிட்' என்ற சோதனைக்கு ௨௧௦௬௬௫ என்ற தமிழ் எண்களும் இலக்கங்கள்தான், சரி என்றே பதில் வரும்! மொழிக்கு அது பெருமை, அஞ்சல் குறியீட்டுக்கு அது சரிப்படாது, எனவே ஆங்கில எழுத்து, 0 முதல் 9 போன்ற அடிப்படைக் குறிகள் மட்டும்தானா என்று பார்க்கும் 'இஸ்ஆஸ்கி' சோதனையையும் கூடவே வையுங்கள்.

இப்படிப் பிறக்கும்போதே சோதித்துவிட்டால் என்ன லாபம்? நிரலில் எந்த மூலையில் ஒரு முகவரி ஆப்ஜெக்ட் உங்கள் கைக்கு வந்தாலும் அதன் குறியீடு சரியான வடிவில்தான் இருக்கும் என்று நம்பலாம், மறுபடி மறுபடி சோதிக்க வேண்டாம். ஆனால் அந்த நம்பிக்கை நிலைக்க வேண்டுமென்றால் பிறந்த பிறகு யாரும் அதைக் கை வைத்து மாற்றக்கூடாது. அதற்குத்தான் ஃபுரோஸன்.

ஃபுரோஸன் போட்ட ஆப்ஜெக்டின் ஃபீல்டை மாற்ற முயன்றால் பிழை வரும். ஆரம்பத்தில் இது தொல்லையாகத் தெரியும், வாடிக்கையாளர் வீடு மாறினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். புது முகவரி ஆப்ஜெக்ட் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள், 'ரீப்ளேஸ்' என்ற ஃபங்ஷன் பழையதை நகலெடுத்து நீங்கள் சொன்ன ஃபீல்டை மட்டும் மாற்றித் தரும். போன மாத பில்லில் பழைய முகவரி அப்படியே இருக்கும், இருக்கவும் வேண்டும், ஏனென்றால் பலகாரம் அங்கேதான் போனது. ஒரே ஆப்ஜெக்டைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஒருவர் மாற்றியதும் மற்றவரிடமும் மாறிப்போகும் சங்கடம் இதில் வராது. என்னைக் கேட்டால், டேட்டா கிளாஸ் எழுதும்போது ஃபுரோஸனில் தொடங்குங்கள், அப்புறம் நல்ல காரணம் கிடைத்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

அதில் இன்னொரு பலனும் உண்டு. ஒரே வீட்டுக்குப் போக வேண்டிய ஆர்டர்களை ஒன்றுசேர்த்து ஒரே நடையில் அனுப்ப நினைக்கிறீர்கள். முகவரியையே டிக்ஷனரியின் சாவியாக வைத்தால் வேலை நொடியில் முடிந்துவிடும். ஃபுரோஸன் இல்லாத சாதாரண டேட்டா கிளாஸைச் சாவியாக வைக்கப் பைத்தான் விடாது, மாறக்கூடிய ஒன்றைச் சாவியாக வைத்தால் பிறகு அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் காரணம். ஒன்று மட்டும் கவனம்: ஃபுரோஸன் மேலோட்டமான பூட்டுதான். உள்ளே ஒரு லிஸ்ட் வைத்திருந்தால் அந்த லிஸ்டில் யாரும் எதையும் சேர்க்கலாம், நீக்கலாம். அங்கே டப்பிள் (பிறகு மாற்ற முடியாத பட்டியல்) பயன்படுத்துங்கள்.

இனி பணம். டேட்டா கிளாஸின் அருமை முழுசாகப் புரிவது இங்கேதான்.

விலையை வெறும் தசம எண்ணாக வைத்தால் முதல் நாளே சிக்கல். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். பத்து காசும் இருபது காசும் கூட்டினால் முப்பது காசு வராத செயலியை எந்தக் கடைக்காரர் நம்புவார்? கணினி தசமத்தை 0, 1 மட்டும் கொண்ட இரண்டடிமான எண்ணில் வைத்திருப்பதால் இப்படி ஆகிறது, 0.1ஐ அதில் துல்லியமாக எழுத முடியாது. அதனால் வெள்ளியைக் காசாக்கி முழு எண்ணில் வையுங்கள்: 12 வெள்ளி 50 காசு என்பது 1250.

@டேட்டாகிளாஸ்(ஃபுரோஸன்=ட்ரூ)
கிளாஸ் தொகை:
    சிற்றலகு: இன்ட்
    நாணயம்: ஸ்ட்ரிங்

'காசு' என்று பெயர் வைக்காமல் 'சிற்றலகு' என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஜப்பானிய யென்னுக்கு இப்போது புழக்கத்தில் சில்லறை அலகு கிடையாது, குவைத் தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். நூறால் பெருக்கு, நூறால் வகு என்பதை இந்தக் கிளாஸுக்குள் எழுதிவிட்டால் அது சிங்கப்பூர் வெள்ளியோடு நின்றுவிடும். ஒரு நாணயத்துக்கு எத்தனை தசம இடம் என்பது காட்டும் இடத்தில் தெரிந்தால் போதும்.

இரண்டு தொகைகளைக் கூட்டும் மெத்தட் ஒன்றை இதில் வைக்கலாமா? தாராளமாக. டேட்டா கிளாஸ் என்றால் மெத்தடே இருக்கக்கூடாது என்று சிலர் சொல்வார்கள், நான் அதை ஏற்கவில்லை. தன்னிடம் உள்ள விவரத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்லும் மெத்தட் எதுவும் அங்கே இருக்கத் தகுதியானதுதான். நாணயம் வேறு வேறாக இருந்தால் கூட்ட மறுக்க வேண்டும், அவ்வளவுதான். புருணை டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 ஒப்பந்தத்தின்படி அதுவும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சம மதிப்பு. அப்படியிருந்தும் பத்து சிங்கப்பூர் வெள்ளியும் பத்து புருணை டாலரும் சமமா என்று கேட்டால் நம் தொகை கிளாஸ் இல்லை என்றுதான் சொல்லும், அதுதான் சரி. சம மதிப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்பது இரு நாடுகளுக்கிடையிலான ஏற்பாடு, மாற்றித் தருவது வேறொரு ஃபங்ஷனின் வேலை.

அதே நியாயம்தான் பொருள் சேவை வரிக்கும். தொகைக்குள்ளேயே 'வரியோடு' என்று ஒரு மெத்தட் வைத்து ஒன்பது விழுக்காட்டைப் பெருக்கிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். 2022 முடியும் வரை 7 விழுக்காடு, 2023ல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. தொகைக்குள் விகிதத்தைப் புதைத்து வைத்தவர்கள் அதை மாற்றிய அன்று 2022 பில்லைத் திரும்ப அச்சிட்டால் புது விகிதத்தில் வரும். தவிர, ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறு கடை வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டிய கட்டாயமே இல்லை, அந்தக் கடையின் செயலிக்கு உங்கள் தொகை கிளாஸ் பயன்படாமல் போய்விடும். வரி விகிதத்துக்குத் தனியாக ஒரு குட்டி டேட்டா கிளாஸ் எழுதுங்கள்: விழுக்காடு, எந்தத் தேதியிலிருந்து. பில் போடும் ஃபங்ஷன் தேதியைப் பார்த்து எடுத்துக்கொள்ளும்.

முழுமையாக்குவதும் அப்படியே. 1250க்கு ஒன்பது விழுக்காடு 112.5, அரைக் காசை எந்தப் பக்கம் தள்ளுவது? பைத்தானின் 'ரவுண்ட்' இதை 112 ஆக்கும், ஏனென்றால் அது சரிபாதியில் நின்றால் இரட்டை எண்ணின் பக்கம் போகும். பள்ளியில் நாம் படித்தபடி 113. ரொக்கம் என்றால் இன்னொரு கேள்வியும் சேரும், ஒரு காசு நாணயம் வெளியிடுவது 2002ல் நின்றுவிட்டதால் சில கடைகள் ஐந்து காசுக்கு முழுமையாக்கி வாங்குகின்றன, பேநவ் என்னும் மின்னியல் வழியில் பணம் அனுப்பினால் அதற்குத் தேவையில்லை. இவை யாவும் கடையின் முடிவுகள், தொகைக்கு அதில் கருத்து இருக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான், எந்த டேட்டா கிளாஸைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்பேன்: இது தன்னைத் தவிர வேறு எதை எதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறது? முகவரி கிளாஸ் உள்ள ஃபைலின் மேல்பகுதியில் உள்ள இம்போர்ட் வரிகளை (வேறு நிரல்களை உள்ளே இழுக்கும் வரிகளை) பாருங்கள். அங்கே டேட்டாபேஸ் லைப்ரரி இருந்தால், திரை வரையும் லைப்ரரி இருந்தால், வரி கணக்கு இருந்தால், அந்தக் கிளாஸைத் தூக்கி வேறு புராஜெக்டில் வைக்க முடியாது, அவை எல்லாமும் வால் பிடித்துக்கொண்டு கூடவே வரும். 'சேமி' என்ற மெத்தடை முகவரிக்குள் வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சேமிப்பது எப்படி என்பது டேட்டாபேஸ் பக்கம் உள்ள நிரலுக்குத் தெரிந்தால் போதும், அது முகவரியைப் பார்க்கலாம், முகவரி அதைப் பார்க்கக்கூடாது. அப்படி எழுதிய கிளாஸைப் பலகாரக் கடைச் செயலியிலும் வைக்கலாம், துணைப்பாட நிலையத்தின் மாணவர் பட்டியலிலும் வைக்கலாம், ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம்.

பெயருக்கும் ஒரு டேட்டா கிளாஸ் தேவை, இதில் எனக்குத் தனி அக்கறை. 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு ஃபீல்ட் வைத்துவிட்டு எங்கும் பயன்படும் என்று நினைப்பவர்கள் நம்மில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்பதை யோசிப்பதில்லை. முன்னால் தலைப்பெழுத்து, அல்லது எஸ்/ஓ (மகன்), டி/ஓ (மகள்) போட்டு அப்பா பெயர். மலாய்க்காரர்களுக்கு அதே பொருளில் 'பின்', 'பிந்தி'. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். இந்த ஊரில் எல்லாருக்கும் பொருந்துவது இரண்டே ஃபீல்டுதான்: அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், கூப்பிட வேண்டிய பெயர். பிரிக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம், அப்பா பெயரைச் சொல்லி யாரையும் வரவேற்கவும் வேண்டாம்.

ஆள் பற்றிய விவரம் என்றதும் இன்னொன்று. டேட்டா கிளாஸ் தன்னை அச்சிடும்போது எல்லா ஃபீல்டையும் வரிசையாகக் காட்டும் என்று சொன்னேன் அல்லவா, அதே வசதி ஆபத்தாகவும் ஆகும். ஏதோ ஒரு பிழையைத் துரத்த 'லாக்'கில் (நிரலின் பதிவேட்டில்) வாடிக்கையாளர் ஆப்ஜெக்டை எழுதினால் தொலைபேசி எண்ணும் சேர்ந்து போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபீல்டுக்கு 'ரெப்ர்=ஃபால்ஸ்' என்று குறித்தால் அச்சில் வராது. அடையாள அட்டை எண்ணுக்கோ ஃபீல்டே வைக்காதீர்கள், தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிமுறைகள்படி 2019 செப்டம்பர் 1 முதல் சட்டம் கேட்கும் இடங்கள் போன்ற சில தேவைகளுக்குத்தான் நிறுவனங்கள் அதைத் திரட்டலாம், முறுக்கு விற்க அது தேவைப்படாது.

வாடிக்கையாளருக்கு முகவரி உண்டு என்பதால் வாடிக்கையாளர் கிளாஸை முகவரி கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்யலாமா, அதாவது அதன் வாரிசாக எழுதலாமா என்றால், கூடாது. வாடிக்கையாளர் ஒரு முகவரி அல்ல, அவரிடம் ஒரு முகவரி இருக்கிறது. நாளைக்கே அலுவலக முகவரியையும் சேர்க்கச் சொன்னால் இன்ஹெரிட் செய்தவர் மாட்டிக்கொள்வார், ஃபீல்டாக வைத்தவர் இன்னொரு ஃபீல்ட் சேர்த்துவிட்டுப் போவார்.

கடைசியாக ஆர்டர். இதை முகவரி, தொகை போலவே எழுதினால் தப்பாகிவிடும். ஒருவர் காலையில் அரைக் கிலோ முறுக்கு வாங்கினார், மாலையில் அதே அளவு மறுபடி வாங்கினார். ஃபீல்ட் ஃபீல்டாக ஒப்பிட்டால் இரண்டும் சமம், ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் 'செட்'டில் போட்டால் ஒன்று மறைந்துவிடும், ஒரு டப்பா போகாது. முகவரியும் தொகையும் தங்கள் மதிப்பால் மட்டுமே அறியப்படுபவை, ஆர்டருக்கோ தனி அடையாளம் உண்டு. அதற்கு ஆர்டர் எண் கொடுங்கள், மற்ற ஃபீல்டுகளுக்கெல்லாம் 'கம்பேர்=ஃபால்ஸ்' போட்டு எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஆர்டரின் நிலை மாறிக்கொண்டே இருக்கும், பெறப்பட்டது, தயார், அனுப்பியாயிற்று என்று. எனவே இங்கே ஃபுரோஸனை விடுவது நியாயம், ஆனால் சாவியாக வைக்க முடியாது என்பது நினைவிருக்கட்டும், தேவைப்பட்டால் ஆர்டர் எண்ணையே சாவியாக்குங்கள். பொருட்களின் பட்டியல் இதில் லிஸ்டாகவே இருக்கலாம். அதற்கு வெற்று லிஸ்டை நேரடியாகக் கொடுத்தால் டேட்டா கிளாஸ் பிழை எழுப்பும், எல்லா ஆர்டர்களும் ஒரே லிஸ்டைப் பகிர்ந்துகொண்டுவிடும் என்பதால். 'டீஃபால்ட்_ஃபேக்டரி=லிஸ்ட்' என்று எழுதினால் ஒவ்வொரு ஆர்டருக்கும் புதுசாக ஒன்று கிடைக்கும்.

ஏற்கெனவே டிக்ஷனரிகளால் நிரம்பிய புராஜெக்ட் கையில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். தொகையை முதலில் மாற்றுங்கள், பணம் தவறினால்தான் உடனே ஆள் வந்து கேட்பார்கள். அடுத்து முகவரி. மற்றவற்றை இரண்டாவது இடத்தில் தேவைப்படும் வரை அப்படியே விட்டுவையுங்கள், 'பொது' என்று பெயரிட்டு முப்பது ஃபீல்டோடு ஒரு கிளாஸை முன்கூட்டியே செய்து வைத்தால் அதை யாரும் முழுதாகப் பயன்படுத்த மாட்டார்கள், தொடவும் பயப்படுவார்கள்.